பிறழ் சாட்சி

கார்கர்டூமா. அரசுத் தரப்பில்
எனக்குப் பதினோராவது நாள்.
கழுத்துப்பட்டையின் கஞ்சி இன்னும் உறுத்துகிறது.

அரக்கை உடைத்துப் பொட்டலம் பிரித்தேன்:
கறுத்துப்போன ஒற்றைக் கொலுசு.
"இது உங்களுடையதா?"
மெட்ரோவில் உதடசைத்து உதடசைத்து
ஒத்திகை பார்த்த இந்தி.

பிரேம்வதி கூண்டுப் பக்கம் திரும்பவில்லை.
அங்கே நிற்பவன்
அவர் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகன்.
"இல்லை. யாரையும் தெரியாது."

பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கோரினேன்.
புத்தகத்தில் அது ஒரு பத்தி.

விழுந்த பேனாவுக்குக் குனிந்தபோது பார்த்தேன்,
பிளாஸ்டிக் செருப்புக்கு மேலே
இடது காலில் அதன் ஜோடி.
ஒரே கேள்வி போதும்.
வாயெடுப்பதற்குள் அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள்.
அழைத்தார்களா,
அழைக்கட்டுமென்று காத்திருந்தேனா.

தாழ்வாரத்தில்
வந்துபோன பஸ் காசுக்கான தாளோடு
என்னிடமே வருகிறார்:
"எங்கே மேடம் கையெழுத்து?"