கையால் தூக்கிப் பார்த்து

ஒப்புதல் படிவத்தில்
எடை என்று ஒரு கட்டம்.
நாற்பத்தொன்று என எழுதினாள் நர்ஸ்.

எங்கள் ஜலகண்டன் அண்ணன்
காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
முப்பத்திரண்டு வருஷம்.
வாணியம்பாடித் தோல்கட்டு, குடியாத்தம் லுங்கிக்கட்டு,
யாரோ அசாமுக்கு அனுப்பும் சைக்கிள்,
எதுவானாலும் தராசில் ஏற்றுமுன்
ஒருதரம் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.
அரைக்கிலோ வித்தியாசம் வந்தால்
தராசைத்தான் பழுது பார்ப்பார்கள்.

மூக்குக்குழாயை மூன்றுமுறை பிடுங்கிவிட்டார்.
நாலாம் முறை பிடுங்காமலிருக்க
இரண்டு மணிக்கட்டையும்
காஸ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள்.
மெதுவாகத்தான் கட்டினார்கள், அதைச் சொல்லவேண்டும்.
கட்டும்போது மன்னிப்பும் கேட்டாள் அந்தப் பெண்.
அவர் முடிச்சை உற்றுப் பார்த்து
"கட்டு சரியில்ல. கூடூர் தாண்டாது" என்றார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
தினமும் நின்றபடி பேசுகிறவர் உட்கார்ந்தால்
எனக்கு வயிறு கலங்கும்.
விழுங்க மறந்துகொண்டிருக்கிறார்.
வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம்,
வைத்தால் ஆயுள் கூடுமென்று
என்னால் சொல்லமுடியாது.
வைக்காமல் கையால் ஊட்டலாம்,
புரையேறாதென்றும் சொல்லமுடியாது.
நாளைக் காலைக்குள் முடிவு சொல்லுங்கள்.

மஸ்கட்டிலிருந்து தம்பி:
"எவ்ளோ ஆனாலும் பரவால்லக்கா, எல்லாம் பண்ணு."
எல்லாம் என்பதில்
மணிக்கட்டும் சேர்த்தியா என்று கேட்க வந்தேன்.
சிக்னல் போய்விட்டது.
அல்லது நான்தான் வைத்துவிட்டேன்.

இரவு காந்தி ரோட்டில் டீ.
லாட்ஜ் பலகைகளெல்லாம் வங்காள எழுத்து.
இரண்டு ராத்திரி ரயிலில், பாய் தலையணையோடு
இந்த ஊருக்கு வருகிறார்கள்
எதையாவது செய்யுங்கள் என்று.
பக்கத்தில் நின்ற மால்டாக்காரர்
மனைவியின் ஸ்கேன் கவரை
நெஞ்சோடு அணைத்திருந்தார்.
விருதம்பட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டினால்
எனக்கு ஆஸ்பத்திரி.
வேண்டாம் என்று சொல்ல
இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறவளுக்குத்தான்
வாய் வரும்போல.
வெட்கமாக இருந்தது. டீ ஆறிப்போனது.

நல்ல நாளிலேயே கேட்டிருக்கலாம்.
கேட்டேன் ஒருதரம், ஐந்து வருஷம் முன்,
முள்ளுக்கத்தரிக்காய் அரிந்துகொண்டே, சுற்றிவளைத்து.
"ஊர் பேர் எழுதாத பார்சல ஏத்தக்கூடாது" என்றார்.
பதிலா அது, ஆபீஸ் பேச்சா?
மேலே கேட்கவில்லை. குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

நடுராத்திரி கட்டிலடியில் பாயில் படுத்திருந்தேன்.
போர்ட்டர், போர்ட்டர் என்றார்.
எழுந்து நின்றேன்.
என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கிப்போனார்.

காலையில் ஒரு கையை மட்டும் அவிழ்க்கச் சொன்னேன்.
கேழ்வரகுக் கஞ்சி, கெட்டியாக, அரை ஸ்பூன்.
தாடையைத் தடவிக் காத்திருந்தேன்.
விழுங்கினார்.
அடுத்ததற்கு உதட்டைப் பூட்டிக்கொண்டு
என் கையை ஸ்பூனோடு ஏந்தி
மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.
முகத்தில் ஒரு கணக்கு கிளம்பி
பாதியில் நின்றது.
"இதுக்கு ரசீது வாணாம்.
கையோட எடுத்துகினு போ."

புரிந்துதான் சொன்னார் என்று
தம்பியிடம் சொல்லமாட்டேன்.
படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.
காஸ் துணியின் இன்னொரு முடிச்சு
நகத்துக்கு வரவில்லை, கத்தரிக்கோல் கேட்டிருக்கிறேன்.
கிண்ணத்தில் கஞ்சி
முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.