அனுமதிப் பட்டியல்

கெய்சர் வீதி, மூன்றாம் மாடி.
கீழே காவலாளி புத்தகத்தை விரித்தார்:
பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரைப் பார்க்க.
சொன்னேன். எழுதினார்.

மேலே முஸம்மில் நானாவின் துணிக்கிடங்கு.
புது இயந்திரத்தில் லினக்ஸ் ஏற்கெனவே ஏறியிருந்தது.
டேட்டாபேஸ் சர்வரை நிறுவ அதிக நேரம் இல்லை,
பிளேன்டீ ஆறுமுன் முடிந்தது.
பழைய பெட்டியின் கோப்புகளை
அப்படியே அள்ளி வந்து இதற்குள் வைத்தேன்.
கணக்கோடு சேர்ந்து பழைய பூட்டும் வந்துவிட்டது.

ரூட் பாஸ்வேர்ட் தெரிந்த சுரங்க
போன மாதம் டோஹா போய்விட்டான்.
மணி அடிக்கிறது, எடுக்கிறானில்லை.
மூன்று மாதச் சம்பளம் பாக்கியாம்.
அதைச் சொல்லும்போது நானா மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒடைக்க ஏலுமா மகள்?"
உடைக்கிற வேலையில்லை இது.
சர்வரை நிறுத்தினேன்.
வலைக்கம்பியைக் கழற்றி மேசையில் போட்டேன்.
அனுமதிப் பட்டியலைப் பாராமல் எழும்பு என்று
ஒரு வரி சேர்த்துத் திரும்ப எழுப்பினேன்.

எழும்பியது.
பெயர் கேட்கவில்லை.
சொந்த இடம் எது, இங்கே எங்கே தங்கல்,
பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே,
ஒன்றுமில்லை.
பத்தொன்பது வயதில், வெள்ளவத்தை அறையில்,
கதவு தட்டப்பட்டால் முதலில் கை போகும்
தலையணைக்கடி உறையை நினைத்தேன்.
இங்கே யார் வந்தாலும் அரசன்.
துணி எடுத்துக் கடன் சொன்ன நாலாயிரம் பேரும்
திறந்து கிடந்தார்கள்.

கொஞ்ச நேரம் விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால்
அந்த நிலையில் புதுப் பாஸ்வேர்டை அது வாங்காது.
முதலில் பட்டியலை மீள வாசி என்று
சட்டத்தை நினைவூட்ட வேண்டும்.
நினைவூட்டினேன், மாற்றினேன், பதினெட்டு எழுத்து.
சேர்த்த வரியை அழித்து, ஒழுங்காக எழுப்பி,
நுழைந்து பார்த்தேன்.
தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது.
"வேல செய்யுதா?"
"செய்யுது நானா, அது அப்படித்தான்."

துண்டில் எழுதித் தரச் சொன்னார்.
மனமில்லாமல் கொடுத்தேன்.
இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி
சாவியை நாட்காட்டி ஆணியில் மாட்டினார்.
"சுரங்கவுக்குக் காசைப் போடுங்கோ."
"பாப்பம்."

கீழே, வெளியேறிய நேரம் பத்து நாற்பது.
ஒப்பமிடக் குனிந்தபோதுதான் கண்டேன்,
தயாளினியைச் சிங்களத்தில்
ஓர் எழுத்துக் குறைய எழுதியிருக்கிறார்.
சர்வர் என்றால் உள்ளே விட்டிராது.

வீதியில் வெற்று வண்டிகளின் மேல்
நாட்டாமிமார் படுத்திருந்தார்கள்.
நூறாம் இலக்க பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது
நினைவு வந்தது:
கழற்றிய கம்பியைத்
திரும்பச் செருகவில்லை.