முப்பத்தாறு

சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்தாறு.
ஆறு புகைந்துகொண்டிருக்கிறது.
கார் எஞ்சின் உறையாமலிருக்க மின்வயரைச் செருகிவிட்டு
மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தேன்.
இன்குபேட்டரிலும் அதே எண்,
கழித்தல் குறி மட்டும் இல்லை.

இருபத்தைந்தில் வளர்ந்த ஈஸ்ட்டை
இந்தச் சூட்டுக்கு மாற்றினால்
வீ என்ற நொதி குலைந்துபோகும்.
ஸ்காட்லாந்துக்காரர் பேச்சில் அதற்குக் குட்டி என்று பொருள்.
குலையாதவரை அது செய்வது ஒரே வேலை:
செல்லைப் பிளக்கத் துடிக்கும் இன்னொரு நொதியின்மேல்
ஒரு பொட்டு பாஸ்பேட் வைத்துவிட்டு
பொறு என்கும்.
பதினாலு மைக்ரானுக்கு
இன்னும் இரண்டு பாக்கி, பொறு.
நீளம் வந்ததும்
பொட்டை அழிக்க வேறொரு நொதி வரும்.
(எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால்
பெண்கள் வாயைப் பொத்துவார்கள்.
இங்கே அது திறப்பு.)

பிரிவதற்கு முன்
ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும், அதுதான் சட்டம்
என்று ஒக்ஸானா சொன்னபோது
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. மணிக்கணக்கில் காசு வாங்கும் வக்கீல்.
படிவத்தில் பிரிந்த தேதி என்றொரு கட்டம்.
என் ஆய்வு நோட்டிலும் உண்டு அந்தக் கட்டம்,
அதில் நிமிடமும் எழுத வேண்டும்.
பூவண்ணன் வெளியேறிய நாளுக்கு
நிமிடம் தெரியவில்லை.
ஷூ தேடிக்கொண்டிருந்தான், வெகுநேரம்.

மூன்று மணி நேரம் கழித்து
சாயம் சேர்த்துக் கண்ணாடியில் வைத்தேன்.
நடுவே நீலமாய்ச் சுவர் எழுந்த செல்கள்.
ஏழு புள்ளி நாலு. ஏழு புள்ளி ஒன்று. எட்டு.
மாணவியாய் முதன்முறை இதைப் பார்த்தபோது
செத்துவிடும் என்று பந்தயம் கட்டினேன்.
ஒரு காபி தோற்றேன்.
பொறு என்று சொல்ல ஆளில்லாமல்
பாதி உயரத்தில் பிளந்தவை
சாகவில்லை.
குட்டையாய், அவசரமாய்
மறுபடி பிளக்கத் தயாராகிக்கொண்டிருந்தன.

நாற்பதாவது செல்லை அளக்கும்போது
இருபத்திரண்டாம் தெருவிலிருந்து குறுஞ்செய்தி:
வயரைக் கழற்றாமல் வண்டியை எடுத்துவிடாதே,
போன வருஷம் மாதிரி.

போன வருஷம்
பாலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.
பின்னால் வந்த எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்,
அவன் பக்கத்தில் உட்கார்ந்து
ரேடியோ என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தான்.

நாற்பத்தொன்று. ஆறு புள்ளி ஒன்பது.
சரி என்று தட்டினேன்.
அனுப்பவில்லை இன்னும்.