மேசை, குசினி, சப்பாத்து

பெட்டி டோகாவிலிருந்து புதன்கிழமை வந்தது.
கடதாசித் தொப்பிகள், பச்சைக் கள்ளிச்செடி இரண்டு,
ஒட்டுமீசை இருபத்தாறு.
அல் கோர் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு, பி பிரிவு:
ஸ்பானிய மொழிக்காரரின் பண்பாட்டு வாரம்.
சுவரை நிரப்புவது
உதவி ரீச்சரான என் வேலை.

மீசை முளைத்த பிள்ளைகள்
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து மூக்கொழுக,
யுலெய்சி மட்டும் தன் மீசையை
அழிறப்பருக்கு ஒட்டிவிட்டுச் சொன்னாள்:
"எங்கட ஊரில கள்ளி இல்ல மிஸ்.
மழைதான்."

ஊர் என்றால் மரக்காய்போ ஏரியின் தென்கரை.
அவள் பார்த்ததில்லை.
தகப்பன் வெனிசுவேலாவை விட்டு
ராஸ் லஃபானில் எரிவாயுக் குழாய் பார்க்க வந்தபின்
இங்கே பிறந்தவள்.
பார்க்காத ஊரின் மழைக்காக
இவ்வளவு கோபம்.

போன வருடம் "எங்கள் நாடுகள்" விழாவில்
எனக்குத் தந்தது தாஜ்மகால் அட்டை.
நான் மன்னார். கழுதைகள்
பஸ்ஸுக்கு வழிவிடாத தெருவில் பிறந்தவள்.
"நான் பக்கத்துத் தீவு" என்றேன்.
"அழகாய் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள்" என்றார்கள்.
படத்தில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

கள்ளி இரண்டையும் கழற்றினேன்.
கறுப்பு அட்டை ஒன்றும் வெண்கட்டியும் கொடுத்தேன்.

அவள் கீறினாள்:
தண்ணீருக்குள் கால் ஊன்றிய வீடுகள்,
அவற்றின் மேல் மின்னல், மின்னல், மேலும் மின்னல்.
அட்டை போதாமல் மேசையிலும்.
"அம்மா சொல்லுவா, இரவு முழுக்க மின்னுமாம்,
இடிச்சத்தமே கேளாதாம்."
ஷாதி கையுயர்த்தினான்:
"வீட்டுக்குக் கீழே மீன் வந்தால்
அது யாருடைய மீன்?"
இதுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

பிறகு சிறு துண்டுகளில் எழுதி
கண்டதிலெல்லாம் ஒட்டத் தொடங்கினாள்.
மேசையில்: மேசா.
பொம்மை அடுப்படியில்: கொசினா.
தன் காலில்: சபாத்தோஸ்.

யாரோ தட்டிவிட்ட சாயத் தண்ணீரைத் துடைக்க
மஞ்சள் வாளியோடு வந்த மெர்லிண்டா
குனிந்து வாசித்தாள்.
"மேசா. எங்களுக்கும் மேசாதான்.
இது குசினா. இது சப்பாத்தோஸ்."
தன் ரப்பர்ச் செருப்பைத் தூக்கிக் காட்டிச்
சிரித்தாள், சரியான சொல்
தவறான காலில் இருந்ததற்காக.

இரண்டு வருடம் தினமும் கடந்துபோன ஒருத்தியை
யுலெய்சி அன்றுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கோ
நாக்கின் அடியில் ஏதோ புரண்டது.
மேசை, என்றேன்.
குசினி.
சப்பாத்து.

வகுப்பு அமைதியானது.
"மிஸ், நீங்களும் ஸ்பானியரா?"
இல்லை.
"மெர்லிண்டா?"
அவளும் தலையாட்டினாள், இல்லை.
"பிறகு எப்படி?"

மணியடிக்கப் பத்து நிமிடம்.
எட்டு வயதுக்கு எவ்வளவு சொல்லலாம்?
அவர்கள் இருவரின் கடலுக்கும் ஒரே கொடி,
எங்கள் கடலுக்கு அதன் பக்கத்து நாட்டுக் கொடி,
முத்துக்கு வந்தவர்கள்,
கோட்டை கட்டியவர்கள்,
கொன்றவர்கள், கும்பிடவும் சொல்லித்தந்தவர்கள்.

"கப்பலில் வந்தார்கள்" என்றேன்.
"வந்து?"
"நிறைய எடுத்தார்கள். கொஞ்சம் விட்டுவிட்டுப் போனார்கள்."
யோசித்தாள்.
"சப்பாத்தை விட்டுட்டா?
வெறுங்காலோடயா போனாங்க?"

மெர்லிண்டா வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நானும் சிரித்தேன்,
ரீச்சர் சிரிக்கக் கூடாத அளவுக்கு.
அந்த மகிழ்ச்சியில் யுலெய்சி
அழிறப்பரின் மீசையைப் பிய்த்து
மஞ்சள் வாளிக்கு ஒட்டினாள்.

அதிபர் படம் எடுக்க வந்தார்.
"கள்ளி எங்கே?" என்றார்.
ஒருவரும் பேசவில்லை.
மின்னலுக்குக் கீழே எல்லோரும் நின்றோம்,
மெர்லிண்டாவும்.

அடுத்த வாரம் செய்திமடலில் படம் வந்தது.
அவளை வெட்டியிருந்தார்கள்.
ஓரத்தில் தப்பியது அந்த வாளி,
பாதி மட்டும்,
முழு மீசையோடு.