உள்ளே இருப்பவர்கள்

மண்டபத்து லாட்ஜில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன்.
“தம்பி, கதவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு.
ஆளு வெளிய நிக்கிது,
உள்ள இருக்குங்குது.”

வேதாளையில் நண்டுச் சதை ஏற்றுமதி.
தடைக்காலத்தில் நான் மாட்டிய கதவு.
கார்டு காட்டினால் பச்சை, பிசகினால் சிவப்பு,
நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் விடாத காந்தம்.

போய் இறங்கினேன்.
கச்சான் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.
ஜெபஸ்தியம்மாள் வாசலில் நின்றாள்,
தலையில் வலைத்தொப்பி, காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ்.
தட்டினாள். சிவப்பு.
முந்தானையில் துடைத்துத் தட்டினாள். சிவப்பு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
இருபது பெண்கள் தலை நிமிராமல் நண்டுக்கால் உடைத்தார்கள்.
அப்படி ஒரு மும்முரத்தை நான் பார்த்ததில்லை.

உள்ளே போனவர் வெளியே வராமல்
மறுபடி உள்ளே போக முடியாது:
மேனேஜர் நெய்னா போன வாரம்
நாலாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வசதி.

ஏசி அறையில் உட்கார்ந்து
தடை முடிந்த நாளிலிருந்து பதிவுகளை இறக்கினேன்.
5.54 ஜெபஸ்தியம்மாள், உள்ளே.
6.41 ஜெபஸ்தியம்மாள், உள்ளே.
ரெண்டு மணிக்கு ஒரே ஒரு ஜெபஸ்தியம்மாள் வெளியே.
மிச்சம் ஒருத்தி.
வைரக்கனிக்கும் அப்படி. சம்சாத்துக்கும் அப்படி.
கணக்குப்படி
ராத்திரி பூட்டிய ஹாலில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே,
நூற்றுப் பதினேழு பேர் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார்கள்.

தேதிகளைப் பார்த்தேன்.
செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி.
இன்றைக்கும் வெள்ளி.
வரும் வழியில் பள்ளிவாசல் முக்கில் தண்ணீர் லாரி,
பின்னால் தள்ளுவண்டிகள், வண்டிக்கு எட்டுக் குடம்.
ஆறுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும்
அரை நாள் கூலி போச்சு.
ஐஸ் இறக்கும் ஜன்னலில் ஒரு கை நுழையும்.
ஒரு கார்டுக்குத் தாராளம்.

“என்னப்பா, யாரு பண்ற வேலை?”
நெய்னா என் தோளுக்குப் பின்னால்.
திரையைச் சின்னதாக்கினேன்.

ஒரு பாவனைக்குத்தான் ரீடரைக் கழற்றினேன்.
மூடிக்குள் நிஜமாகவே உப்பு,
பச்சை பூத்த செம்புக் கம்பிகள் மேல் பொடிப்பொடியாக.
“உப்பு சார்” என்றேன்.
பொய் சொல்லத் தயாராக வந்தவனுக்குக்
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு.
யார் உள்ளே, யார் வெளியே என்பதை மறந்து
முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.
செய்தவர்கள் அதற்கு வைத்த பெயர் மன்னிப்பு.
நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.
அமுக்கினேன்.
நூற்றுப் பதினேழு பேரும் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள்.

ஜெபஸ்தியம்மாள் தட்டினாள். பச்சை.
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்ப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ.

ரீடர் சுத்தம் செய்த வகையில் முந்நூறு.
பில்லை மடித்துப் பையில் வைத்த நெய்னா
கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
“அந்த ஐஸ் ஜன்னலுக்கும் ஒண்ணு மாட்டணும்.
செவ்வாய்க்கு முன்னாடி முடியுமா?”

ஒன்றும் சொல்லாமல்
பையைத் திறந்து
அளவு நாடாவை எடுத்தேன்.