காவல்

மாற்றலாகிப் போன ஹவில்தாரின் பையன்
கண்ணாடித் தொட்டியோடு விட்டுப்போனவை.
நேற்று ராத்திரி ஐந்து குட்டி.
முந்திரிப்பருப்பு அளவு,
உரித்த இறாலின் நிறம்,
கண் திறக்கவில்லை, வெறும் துடிப்பு.

ஆண் ஜெர்பிலைப் பிரித்து வை, தின்றுவிடும் என்றான்
கேத்தியிலிருந்து பால் கொண்டுவரும் போஜன்.
கையை உள்ளே விட்டேன்.
பின்காலால் தரையைத் தட்டியது
டப், டப்.
என்னைத்தான்.

அருவங்காட்டில் மூன்று நாளாக விடாத மழை.
ஸ்டூலை இழுத்துப் போட்டுப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அவள் தண்ணீர் குடிக்கப் போனால்
அவன் குட்டிகள்மேல் கவிழ்கிறான்.
அவள் வந்ததும் எழுந்து
செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை
நாராகக் கிழித்து
கூட்டின் ஓரத்தில் செருகுகிறான்.
உருண்டு விலகிய ஒன்றை
வாயில் கவ்வினான்.
எழுந்தே நின்றுவிட்டேன்.
கவ்வியதைக் கொண்டுபோய்
மற்ற நான்கின் நடுவே வைத்தான்,
மேலே கொஞ்சம் நாரை இழுத்து மூடினான்.
பிறகு உட்கார்ந்து
தன் மீசையைக் கழுவிக்கொண்டான்.

ஃபேக்டரிச் சங்கு.
ஜெசிந்தா வெந்நீர் எடுத்துக் குளிக்கப் போயிருக்கிறாள்.
தொட்டிலில் சிணுங்கல்.
பத்தொன்பது நாளாகிறது,
அவள் பக்கத்தில் இல்லாமல்
ஒருமுறையும் நான் தூக்கியதில்லை.

உள்ளங்கைகளைத் தேய்க்கிறேன்.
சூடு போதுமா என்று
என் கன்னத்திலேயே
வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் கொஞ்சம் தேய்க்கிறேன்.