தலைசுற்றல் குறித்த புகார்

முதலில் எண்கள்தான்.
குதைபியாவில், லாண்டிரிக்கு மேலே மூன்றாம் மாடி,
சமையலறை மேடையில் எண்ணெய் துடைத்த இடத்தில்
நோட்டை விரிக்கிறேன்.
இரண்டு மில்லிமீட்டர். இரண்டே கால். இரண்டரை.
நடுக்கோடு பன்னிரண்டு.
அங்கிருந்து இளைத்துக்கொண்டே போய்
மறுபடி இரண்டு.
எண்பத்தொரு கோடுகள்,
எல்லாம் நேர்க்கோடுகள்.
மளிகைக் கணக்கென்று நினைத்து
அறைக்கூட்டாளி ஆரோக்கியம்
தன் பங்கை எடுத்து வைத்தான் ஒருமுறை.

நான்கடிப் பலகை.
அலுவலகத்தில் கழித்துப் போட்ட ப்ளைவுட்,
பின்பக்கம் ஏதோ பல் ஆஸ்பத்திரியின் பாதிப் பெயர்.
பகலெல்லாம் நான் பெயர்ப்பலகை செய்கிறவன்.
அங்கே ஒரு மெஷின் இருக்கிறது,
இதே கோடுகளை இருபது நிமிடத்தில் வெட்டித் தரும்.
கேட்கவில்லை.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்,
பதில் சொன்னால் பெருமையடிப்பதுபோல் ஆகிவிடும்.

ஆகஸ்டில் மாஸ்கிங் டேப் ஒட்டாது.
கடல் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து
விளிம்பைத் தூக்கும், கறுப்பு உள்ளே கசியும்.
அதற்கொரு வழி கண்டுபிடித்தேன்:
விளிம்பின்மேல் முதலில் வெள்ளையைப் பூசு.
கசிவதெல்லாம் வெள்ளைக்குள் வெள்ளையாய்க் கசிந்து
வாசலை அடைத்துக்கொள்ளட்டும்.
பிறகு கறுப்பு.
டேப்பை உரிக்கும்போது வருகிற அந்தச் சத்தத்துக்காகவே
இன்னும் ஒரு மாதம் வாடகை கட்டலாம்.

பூசும்போது படம் தெரியாது.
மூக்கருகே கறுப்பு,
அடுத்து வெள்ளை,
அவ்வளவுதான்.
ஆறடி பின்னால் போனால்தான் அது தொடங்கும்.
எங்கள் சமையலறை ஐந்தடி.
ஆகவே கதவைத் திறந்து வைத்துவிட்டு
லிஃப்ட் வாசலில் போய் நிற்பேன்
லுங்கியோடு, இரவு இரண்டு மணிக்கு.

ஐம்பத்தேழாவது கோட்டில் ஒரு தப்பு.
எட்டு இருக்கவேண்டிய இடத்தில் எட்டரை.
அரை மில்லிமீட்டர்.
அங்கே மட்டும் பலகை செத்துக் கிடந்தது,
ஓடி வந்த கண் கல்தடுக்கி நின்றது.
தவறில்தான் அழகு என்று சொல்பவர்கள்
இந்தப் பக்கம் வரவேண்டாம்.
இரண்டு ராத்திரி உப்புத்தாளால் தேய்த்தேன்.
ஆரோக்கியத்தின் சோற்றிலும் கொஞ்சம் கறுப்பு.

நைட் ஷிஃப்ட் முடிந்து
ஆம்லெட் போட வந்த மீராசா
முட்டையைக் கையில் வைத்தபடியே நின்றான்.
"என்னடா இது, மூச்சு விடுது?"
இடம் போனான், வலம் வந்தான்.
நடு வயிறு வீங்கியது, வடிந்தது.
"இந்த ரோஸ் கலர் எங்கே வாங்கினே?"
ரோஸ் வாங்கவில்லை.
கடையில் இரண்டு டப்பாதான்,
கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று.
அவனுக்குத் தெரிந்த ரோஸ்
எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.
எனக்கு அங்கே மங்கலாய் ஒரு மஞ்சள்.
இருவரும் சண்டை போட்டோம்,
ஆம்லெட் கருகியது.

ஜுஃபேரில் ஒரு ஓட்டல் வாங்கியது.
நூற்றிருபது தினார், லிஃப்டுக்கு எதிர்ச்சுவர்.
பதினோராம் நாள் மேனேஜரின் போன்.
விருந்தினர்களுக்குத் தலை சுற்றுகிறதாம்.
ஒருவர் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.
ஒரு குழந்தை மட்டும் லிஃப்டில் ஏற மாட்டேன் என்று
முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்ததாம்.
கழற்றிவிட்டோம், வருத்தம்,
பணத்தைத் திருப்பித் தரவேண்டாம் என்றார்.
நான் நன்றி சொன்னேன்.
எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
பணியாளர் வழியில், அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவே
பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள்.
நின்ற கோடுகள் இப்போது படுத்திருந்தன.
எண்ணிப் பார்த்தேன், எண்பத்திரண்டு.
மறுபடி எண்ணினேன், எண்பது.
வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அறை சுத்தம் செய்யும் சுமித்ரா தாமாங்,
நேபாளத்துக்காரி, வண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு
உடைந்த இந்தியில் கேட்டாள்,
இது என் வேலை என்று தெரியாமல்:
இதை ராத்திரியில் அணைப்பார்களா?
பின்னால் ஒயர் இருக்கிறதா என்று
இரண்டு முறை தேடினாளாம்.
பல் ஆஸ்பத்திரிதான் இருக்கிறதாம்.